ஒட்டிய கழுத்து



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மின்கித்தாரைப் பழுது பார்த்தேன். தமிழாசிரியனுக்கும் கித்தாருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். பள்ளியில் தமிழோடு ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆகவே, வாளும் அரமும் உளியும் பசைப்புட்டியும் என் வீட்டின் பின்கட்டில் எப்போதும் கிடக்கும். ஆனால், இந்தக் கித்தாரை நான் பழுது பார்த்தது இது முதன்முறை அன்று. முதன்முறை பார்த்தது 1996இல். அதைப்பற்றி எழுத வேண்டும் எனப் பல ஆண்டுகளாக எண்ணி எண்ணி, ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது பீடோங்கிற்கு அருகில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில். வாசலில் நின்றால் குனோங் ஜெராய் மலை தெரியும். மழை வருமா வராதா என்பதை அம்மா அந்த மலையின் தலையைப் பார்த்துத்தான் சொல்வார். அப்பாவுக்குப் பால்வெட்டு வேலை. எனக்கு ஏழு வயது மூத்த அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்ததும் சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவருக்கு உயிர் இசைக்குழு. தோட்டத்து இளைஞர்கள் ஐவர் சேர்ந்த குழு அது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பீடோங்கிலிருந்து பாடாங் செராய் வரை வாடகை வேனில் போவார்கள். இளையராஜா பாடல்கள்தாம் பெரும்பாலும். கூட்டத்தில் மலாய்க்காரர் சிலரைக் கண்டுவிட்டால் ஆலிகேட்ஸ் பாடல் ஒன்றையும் எடுத்துவிடுவார்கள். பக்கத்துப் பினாங்கிலிருந்து கிளம்பிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறப்புகள் மலாய்ப் பாட்டில் நாடறிந்த புகழ் பெற்றது எங்கள் தோட்டத்து இளைஞர்களுக்கு எத்தகைய தெம்பைக் கொடுத்தது என்பதைத் தனியாகவே எழுதலாம். 2007இல் லோகநாதன் மறைந்தபோது அண்ணன் வீட்டில் வானொலியை மூடவே இல்லை.

அண்ணன் அந்தக் கித்தாரை 1994இல் பினாங்கில் பழைய பொருளாக வாங்கினார். 480 வெள்ளி. நான்கு மாத ஓவர்டைம் காசு அது. கொரியாவில் செய்தது, அமெரிக்க கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் பால் கித்தாரின் வடிவத்தைப் பின்பற்றியது. உடல், கழுத்து, தலை எல்லாம் ஒரே கறுப்பு. கண்ணாடிபோல் மினுக்கும். அம்மா அதற்கு ‘காக்கா’ என்று பெயர் வைத்திருந்தார். “காக்காவ எடுத்து உள்ள வைடா, மழை வருது” என்பார்.

நான் அதைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம். 1996இல் எனக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம். அண்ணனுக்கு அந்த வாரம் முழுவதும் இரவு வேலை. சனிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கச்சேரி. செவ்வாய் இரவு நான் கித்தாரை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த இரண்டே பிடிகளை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்தது. எழுந்தேன், கித்தாரை நாற்காலியில் சாய்த்தேன். தோள்வார் காலில் மாட்டியது. அது மல்லாந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கொட்டாங்கச்சி உடைவதுபோல் ‘டொக்’ என்று ஓர் ஒலி. அதைத் தொடர்ந்து ஆறு நரம்புகளும் ஒரேயடியாகத் தளரும்போது எழும் ஓர் அலங்கோல முனகல். தூக்கிப் பார்த்தேன். தலை, முன்பக்கத்து மெல்லிய மேலொட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு, கோழியின் அறுந்த கழுத்துபோல் தொங்கிற்று.

இங்கே சற்றே நிறுத்தி, சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியனுக்கு இந்த நோய் போகாது. கித்தாரில் முறுக்காணிகள் இருக்கும் பகுதியை உலகமெங்கும் ‘தலை’ என்றும், அதைத் தாங்குவதைக் ‘கழுத்து’ என்றும் சொல்கிறார்கள். நம் யாழுக்கு உறுப்புப் பெயர்கள் வேறு: பத்தர், கோடு, மருப்பு, திவவு, மாடகம். பொருநராற்றுப்படை யாழின் மருப்பைத் தலை தூக்கிய பாம்புக்கு உவமை சொல்கிறது. அன்றிரவு என் மடியில் கிடந்தது அடிபட்ட பாம்பு.

அது ஏன் அவ்வளவு எளிதில் முறிந்தது என்பதை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகே கற்றேன். இந்த வகைக் கித்தாரில் தலையானது கழுத்தின் நேர்கோட்டில் இராது. பின்பக்கமாக 17 பாகை சாய்ந்திருக்கும். நரம்புகள் மேற்குதிரையில் நன்கு அழுந்தி நிற்பதற்காக அந்தச் சாய்வு. ஆனால், கழுத்தும் தலையும் ஒரே மரத்துண்டில் வெட்டப்படுவதால் மரத்தின் நாரோட்டம் கழுத்து நெடுகிலும் நேராக ஓடி, தலை சாயும் இடத்தில் குறுக்கே அறுபட்டுப் போகிறது. விறகு பிளந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெடுநார் தாங்கும், குறுநார் பிளக்கும். போதாததற்கு, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டின் திருகுக்காக அதே இடத்தில்தான் ஒரு பள்ளம் குடைந்திருப்பார்கள். கித்தாரிலேயே மெலிந்த இடம் அது. ஆறு நரம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடையளவுக்கு அதனை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பத்துக் கிலோ அரிசி மூட்டை நான்கரை! மல்லாந்து விழும்போது தரையை முதலில் தொடுவது பின்னால் சாய்ந்த தலைதான்.

கிப்சன் நிறுவனத்தாருக்கும் இது தெரியாததன்று. 1960களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் கழுத்தின் பின்புறம், முறியும் அதே இடத்தில், காளையின் திமில்போல் ஒரு சிறு புடைப்பை வைத்தார்கள். வாசிப்போருக்கு அது பிடிக்கவில்லை. கைக்கு இடைஞ்சல், பழைய அழகு போயிற்று என்றார்கள். 1980களின் தொடக்கத்தில் திமில் போய்விட்டது; பழைய 17 பாகையும் காலப்போக்கில் திரும்பிவிட்டது. போட்டியாளரான லியோ ஃபெண்டரோ தம் கித்தார்களுக்குச் சாய்வே வைக்கவில்லை. தட்டைப் பலகையில் நேராக வெட்டினார். அவை கீழே விழுந்தாலும் தலை முறிவது அரிது. அண்ணன் ஃபெண்டர் வடிவத்தை வாங்கியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அன்றிரவே கித்தாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தோட்டத்து ஆசாரியிடம் ஓடினேன். தாத்தா முறை வைத்துக் கூப்பிடுவோம். கோயில் தேர்ச்சக்கரம் முதல் கிராணி வீட்டுக் கதவுவரை தோட்டத்தில் மரம் என்று எது உடைந்தாலும் அவர்தான். விளக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “சுத்தமா ஒடைஞ்சிருக்கு. சுத்தமா ஒடைஞ்சா ஒட்டிக்கும்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிலும்பு ஒன்றையும் பிய்க்காமல், துடைக்காமல், உடைந்த இரு வாய்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பல்லோடு பல் சேர்வதுபோல் பொருந்திற்று. பள்ளிப் பட்டறையிலிருந்து நான் எப்போதோ கொண்டு வந்திருந்த வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தி, மிதிவண்டி டியூப்பை நீளப் பட்டையாக அரிந்து, இழுத்து இழுத்துச் சுற்றினார். பசை வெளியே பிதுங்கியது. ஈரத்துணியால் துடைத்தார். “ஒரு நாள் தொடாத. அப்புறம் ஒங்கண்ணங்கிட்ட சொல்லிரு. ஒட்டுன பொருள்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டாத்தான் பாத்துப் பொழங்குவான்” என்றார்.

நான் ஒரு நாள் தொடவில்லை. இரண்டாவதை மட்டும் செய்யவில்லை.

டியூப்பை அவிழ்த்தபோது கழுத்தின் பின்னால் ஒரு கோணல் கோடு. விளிம்பில் கறுப்புப் பூச்சு சிதறிய வெள்ளைத் தழும்பு. அதை மறைப்பதில் நான் காட்டிய அக்கறையை அவ்வாண்டுத் தேர்வில் காட்டியிருந்தால் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பேன்! மரத்தூளைப் பசையில் குழைத்துக் கோட்டில் அடைத்தேன். காய்ந்ததும் நீர்த்தாளால் தேய்த்தேன். பீடோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போய்க் கறுப்புத் தெளிப்புச் சாயம் ஒரு டப்பா வாங்கினேன். மெல்லிய பூச்சாக ஐந்து முறை, ஒவ்வொன்றும் காயக் காய. புதுப்பூச்சு பழைய பூச்சோடு சேரும் இடத்தில் ஒரு மங்கல் வளையம் விழும், அதுதான் காட்டிக்கொடுக்கும். பித்தளை துலக்கும் பிராசோவைத் துணியில் தொட்டு அவ்விடத்தை ஒரு மாலை முழுவதும் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். வளையம் மறைந்தது. கட்டைவிரலால் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அச்சம் போய், பெருமை வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை அண்ணன் உறையைப் பிரித்தார். “சுருதி இறங்கிப் போச்சே” என்று முணுமுணுத்தபடி ஆணிகளை முறுக்கினார். ஒவ்வொரு முறுக்கிற்கும் என் வயிற்றில் ஒரு முறுக்கு. அன்றிரவு மேடைக்கு முன்னால் மண்ணில் அமர்ந்து, மூன்று மணி நேரமும் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் கித்தாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தாங்கிற்று. அன்று மட்டுமா? ஏழு ஆண்டுகள் தாங்கிற்று.

2003இல் அண்ணனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. செலவுக்கு முடைப்பட்டுக் கித்தாரை விற்றார். வாங்கியவர் கூலிம் பக்கத்து இளைஞர். வேறொரு குழுவில் வாசிப்பவர். விலை 350 வெள்ளி. எங்கள் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்துதான் பேசினார்கள். அண்ணன், “தம்பி, கையில வச்சிருந்த இத்தன வருசத்துல ஒருநாள்கூட கீழ விழுந்ததில்ல” என்றார். அவர் அறிந்தவரையில் அது சத்தியம். நான் அருகில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் பயிற்சி ஆசிரியன். மாணவர்களுக்கு வாய்மை அதிகாரத்தை விளக்கும் பாடத்திட்டம் என் பையில் இருந்தது.

பழைய கித்தார் வணிகத்தில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. தலை முறிந்து ஒட்டிய கித்தார் எவ்வளவு நன்றாக ஒட்டப்பட்டிருந்தாலும் விலை ஏறக்குறைய பாதி. ஒலியில் வேறுபாடு தெரியாது; நல்ல ஒட்டு மரத்தைவிட உறுதியானது என்றுகூடச் சொல்வார்கள். ஆயினும் விலை பாதி. ஆகவே, மறைப்பதற்கென்றே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. செம்பழுப்புக் கித்தாராயின் தலையின் பின்புறம் முழுவதையும் கறுப்படித்து, அந்தக் கறுப்பைக் கழுத்தின்மேல் ஒரு கூர்முனையாக இறக்கிவிடுவார்கள். தேளின் கொடுக்குப்போல் இருப்பதால் அதற்குக் கொடுக்கு என்றே பெயர். தொழிற்சாலையிலேயே கொடுக்கோடு வந்த கித்தார்களும் உண்டு என்பதால், கண்டவர் உடனே ஐயுறவும் முடியாது. கண்டுபிடிப்பவர்களும் சளைத்தவர்கள் அல்லர். புறஊதா விளக்கை அடிக்கிறார்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மஞ்சட்பச்சையாக ஒளிரும், அண்மையில் பூசியது இருண்டு கிடக்கும்.

சீவகனுக்கு அந்த விளக்கும் தேவைப்படவில்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு அமர்ந்த சீவகன், தனக்கு நீட்டப்பட்ட யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கிறான். இது நீரில் நின்று இளகிய மரம். இது வாட்புண் பட்டது. இது இடி விழுந்தது. பார்ப்பதற்கு எல்லாம் அழகிய யாழ்களே. பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பகுதியைப் படித்தபோது மற்றவர்கள் சீவகனின் நுண்ணறிவை வியந்தார்கள். நான் அந்த யாழ்களைச் செய்தவனைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

விற்று நான்கு மாதம் ஆகியிருக்கும். ஒரு மாலை அந்த இளைஞர் வந்தார். கித்தாரின் தலை முன்பக்கமாகச் சரிந்து, பின்னால் வாய் பிளந்திருந்தது. காரின் பின்பெட்டியில் வைத்து நண்பகலில் எங்கோ போயிருக்கிறார். வெள்ளைப் பசையின் குணம் அதுதான். சாதாரண மேசை நாற்காலிக்கு அது போதும். இடைவிடாத இழுப்பின்கீழ், அதுவும் வெப்பத்தில், அது மெல்ல மெல்ல நகர்ந்து கொடுத்துவிடும். ஆசாரி தாத்தா அறிந்த மரச்சாமான்களில் இரவும் பகலும் 45 கிலோ இழுப்பது எதுவும் இல்லை. குற்றம் அவருடையது அன்று. ஏழாண்டு தாங்கியதே அவருடைய கைத்திறன்தான்.

“ஏற்கெனவே ஒட்டுன கித்தார என் தலையில கட்டிட்டீங்களே அண்ணே” என்றார் இளைஞர். அண்ணன் அதிர்ந்து போனார். பிறகு சினம் கொண்டார். நீ உடைத்து, நீயே ஒட்டி, ஒட்டு நிற்கவில்லை என்றதும் என்னிடம் கொண்டு வருகிறாயா என்று கேட்டார். வார்த்தை தடித்தது. அண்ணன் வீட்டுக்குள் போய், முனியாண்டி படத்தின் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கைவைத்து, என் கையில் இருந்தவரை இது முறியவே இல்லை என்று சத்தியம் செய்தார். பின் 350 வெள்ளியையும் எண்ணி அந்த இளைஞரின் கையில் திணித்து, கித்தாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இனி இந்தப் படியில் ஏறாதே என்றார்.

நான் சமையற்கட்டில் நின்றிருந்தேன். கற்பூர வாடை அங்கும் வந்தது.

இசைக்குழுக்காரர்களின் உலகம் சிறியது. அண்ணன் உடைந்த பொருளை ஏமாற்றி விற்றார், கேட்கப்போனால் பொய்ச்சத்தியமும் செய்தார் என்ற பேச்சு கூலிம் முதல் பட்டர்வொர்த் வரை பரவிற்று. யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கச்சேரிக்கு அழைப்பது மட்டும் குறைந்தது, பிறகு நின்றது. திருமணம், பிள்ளை, வேலை என்று அவரே விட்டுவிட்டதாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டோம். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். தோட்டமும் போயிற்று, லயம் இருந்த இடத்தில் இப்போது இணைவீடுகள் நிற்கின்றன. கித்தார் சுங்கைப்பட்டாணியில் அண்ணன் வீட்டு அலமாரியின்மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூசியோடு கிடந்தது.

அதை இறக்கியவள் அண்ணன் மகள். பதின்மூன்று வயது. கைப்பேசியில் காணொலிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறாள். “சித்தப்பா ஒட்டிக் குடுப்பாருன்னு அப்பா சொன்னாரு” என்று தொலைபேசினாள். கெடாவில் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணன் கித்தாரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

பழைய ஒட்டின்மேல் புதிய பசை பிடிக்காது. மரத்தோடு மரம் சேர வேண்டும். ஆகவே, முதல் வேலை பழைய பசையைக் களைவது. காடியைச் சூடாக்கி ஊசிக்குழாயால் பிளவினுள் விட்டுவிட்டுக் காத்திருந்தால், வெள்ளைப் பசை இளகிக் கொழகொழவென்று வரும். பழைய பல் துலக்கியால் நாரின் போக்கிலேயே தேய்த்து எடுக்க வேண்டும். அண்ணன் எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலை எளிதில் வரவில்லை. பாதிக்கு மேல் இன்னும் இறுகப் பிடித்திருந்தது.

“அந்தப் பையன் நல்லாத்தான்டா ஒட்டியிருக்கான்” என்றார் அண்ணன்.

பல் துலக்கி என் கையிலேயே நின்றுவிட்டது.

“அவன் ஒட்டல, அண்ணே.”

சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சுமந்தது பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிட்டது. அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார். “அம்மாவுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முனியாண்டி மேல கைய வச்சேன்டா” என்றார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு என் மனைவி அவருக்கும் சேர்த்துத்தான் சமைத்திருந்தாள்.

இரண்டு வாரம் பேச்சில்லை. அந்த நாள்களில் நான் வேலையை மட்டும் செய்தேன். மரத்தை நன்றாக உலர விட்டேன். இம்முறை மஞ்சள் நிற அலிபாட்டிக் பசை. காய்ந்தால் வெள்ளைப் பசையைவிடக் கடினமாக இறுகும், இழுப்புக்கு அவ்வளவு எளிதில் நகராது. ஒட்டுவதற்கு முன்பு பசையின்றியே இருமுறை இறுக்கிப் பழகிக்கொண்டேன். பசை போட்ட பிறகு கையில் இருப்பவை சில நிமிடங்கள்தாம். கழுத்தின் வளைவுக்கேற்ப ஒரு கட்டையைக் குடைந்து, அதில் பசை ஒட்டாதிருக்க நெகிழித்தாளைச் சுற்றி, மூன்று பிடிப்பான்களால் இறுக்கினேன். முழுதாக ஒரு நாள்.

காடியில் நனைந்து, தேய்பட்ட வாய்கள் முன்போல் பல்லோடு பல் சேரவில்லை. பசையை மட்டும் நம்ப முடியாது. எனவே, நடுவில் ஓடும் இரும்புத் தண்டைத் தொடாமல், அதன் இருபுறமும் முறிவின் குறுக்காக நீளவாக்கில் இரண்டு வாய்க்கால்களை வெட்டி, அவற்றில் மரப்பட்டைகளை இறக்கி ஒட்டினேன். இப்போது அறுபட்ட குறுநாருக்குப் பாலமாக நெடுநார் வந்துவிட்டது. பட்டைக்கு மரம்? பள்ளியில் கால் உடைந்து தள்ளிப்போட்ட ஒரு நாற்காலி. பார்த்தால் இரப்பர் மரம்! எங்கள் அப்பா காலத்தில் பால் வற்றிய மரம் விறகுக்குத்தான் போகும். வெட்டிப் போட்டால் நீலம் பாய்ந்து, வண்டு துளைத்துவிடும். வெட்டிய உடனே மருந்திட்டு உலர்த்தும் முறை வந்தபிறகு, 1980களிலிருந்து அதுவே நாட்டின் முதன்மையான மேசை நாற்காலி மரமாகிவிட்டது. கித்தார் கைவினைஞர்கள் மகோகனியைத்தான் போடுவார்கள். என்னிடம் இருந்தது இது.

பட்டைகளைச் சமமாகச் சீவிய பிறகு பார்த்தால், கறுப்புக் கழுத்தில் வெளிர்மஞ்சளாய் இரண்டு கோடுகள், பட்டைநாமம்போல். அலமாரியில் கறுப்புச் சாய டப்பாவும் வாங்கி வைத்திருந்தேன். பிராசோவும் இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கைப்பேசியை எடுத்தார். யார் யாரிடமோ கேட்டு அந்தக் கூலிம் இளைஞரின் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார். அவரும் இப்போது நாற்பதைக் கடந்தவர், பினாங்கில் வேலை. நான் கேட்கும்படியாகத்தான் அண்ணன் பேசினார். “தம்பி, அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. கித்தாரு முன்னமே ஒட்டுனதுதான். எனக்கே இப்பத்தான் தெரியும்.” எதிர்முனை என்ன சொல்லிற்றோ! அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒருமுறை சிரித்தார். யார் ஒட்டியது என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. கைப்பேசியை நான் கேட்டு வாங்கிச் சொன்னேன். மறுமுனையில் சற்று அமைதி. பிறகு அவர், “சார், நீங்க வாத்தியாரா இருக்கீங்களாமே?” என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அண்ணன் உள்ளே வந்து, கித்தாரைத் திருப்பி, அந்த இரண்டு மஞ்சள் கோடுகளையும் கட்டைவிரலால் தடவினார். நான் சாய டப்பாவைக் காட்டினேன். “வேணாம். கைக்கு வழவழன்னு இருந்தா போதும்” என்றார். நிறமில்லா வார்னிஷ் மட்டும் மூன்று பூச்சுப் பூசினேன். அன்று அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். என்னோடு அதிகம் பேசவில்லை. இன்னும் பழையபடி பேசுவதில்லை. அது அவருடைய உரிமை.

நரம்பு மாட்டி ஒரு வாரம் என் வீட்டுச் சுவரிலேயே தொங்கவிட்டேன். நாள்தோறும் காலையில் ஒரு நேர்சட்டத்தை வைத்துப் பார்ப்பேன். ஒட்டு ஒரு மயிரிழையும் நகரவில்லை. பிறகுதான் பிள்ளையிடம் கொடுத்தேன். தரையில் சாய்த்து வைக்கக்கூடாது, வெயிலில் காரில் விடக்கூடாது, பயணத்துக்கு முன் நரம்பைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லி, எப்படி முறிந்தது என்பதையும் சொன்னேன். “சித்தப்பாவா!” என்று கண்ணை விரித்தவள், மறுகணமே கித்தாரில் இறங்கிவிட்டாள்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு குறை. மூன்றாம் நரம்பு மட்டும் சுருதியில் நிற்பதில்லையாம். ஒட்டு இளகுகிறதோ என்று கேட்டாள். அது முறிவினால் வருவது அன்று. இந்த வகைத் தலையில் நடு இரண்டு நரம்புகளும் மேற்குதிரையைக் கடந்ததும் பக்கவாட்டில் விலகி ஓடுவதால், அந்தக் காடியிலேயே சிக்கிச் சிக்கிப் போகும். முறியாத கித்தார்களிலும் உள்ள தொல்லைதான். 2பி பென்சிலால் காடியில் கரியைத் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மெல்லிய அரத்தோடு போய்ப் பார்க்க வேண்டும்.